கூடத்துக்கு வந்த குருசேவ்

1957-ம் ஆண்டு ஜூன் மாதம் 2-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

அமெரிக்காவில் குடும்பம் குடும்பமாக டெலிவிஷன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியில் ஓர் உருவம் தெரிந்தது. வழுக்கைத் தலை, உருண்டை முகம், கட்டை குட்டையான உடம்பு.

அவர்தான் குருசேவ்! ரஷியக் கம்யூனிஸ்டு கட்சியின் முதல் செயலாளர். பிரதம மந்திரி நாற்காலியில் அப்போது புல்கானின் இருந்தார். ஆனால் பிடி குருசேவின் கையில் இருந்தது.

இந்த இருவரும் 1955-ல் இந்தியாவுக்கு வந்தார்கள். போன இடமெல்லாம் ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். அமெரிக்கர்களுக்கோ குருசேவ் என்றாலே கலக்கம். 1956-ம் ஆண்டு நவம்பர் மாதம், ஹங்கேரி மக்களின் கிளர்ச்சியை ரஷிய டாங்கிகள் நசுக்கின. அதே மாதம் மாஸ்கோவில் நடந்த ஒரு விருந்தில், மேல்நாட்டுத் தூதர்களைப் பார்த்து, "உங்களைப் புதைப்போம்" என்று சொன்னவர் இவர்.

இப்படிப்பட்ட ஆளை வீட்டுக் கூடத்துக்கே கூட்டிவந்து உட்கார வைக்கலாமா? இதுதான் அமெரிக்காவில் எழுந்த கேள்வி.

ஒரு மணி நேரப் பேச்சு

பேட்டியை ஏற்பாடு செய்தது சி.பி.எஸ். என்ற டெலிவிஷன் கம்பெனி. 1955-ல் மாஸ்கோவில் அதன் அலுவலகத்தைத் திறந்த நிருபர் டேனியல் ஷோர். அவரும், அதே கம்பெனியைச் சேர்ந்த ஸ்டூவர்ட் நோவின்சும், கட்லர் என்ற பத்திரிகை நிருபரும் கிரெம்ளினுக்குப் போனார்கள். கிரெம்ளின் என்பது மாஸ்கோவில் உள்ள பழைய கோட்டை. ரஷிய ஆட்சியின் தலைமை இடம் அது.

கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார்கள். குருசேவ் சளைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் துணையுடன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். "ஜெர்மனியில் இருந்து உங்கள் படையை எடுங்கள், நாங்களும் எங்கள் படையை எடுக்கிறோம்" என்கிற தோரணையில் பேசினார். இடையிலே ஒரு வெடிகுண்டையும் போட்டார். அமெரிக்கர்களின் பேரப்பிள்ளைகள் சோஷலிச ஆட்சியில்தான் வாழ்வார்கள் என்றார்!

பேரப்பிள்ளைகள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்தப் பேச்சு. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஜனாதிபதிக்குப் பிடிக்கவில்லை

எதிரிக்கு மேடை போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று பலர் கண்டித்தார்கள். நல்ல வேலை செய்தார்கள் என்று பாராட்டியவர்களும் உண்டு. 3 நாள் கழித்து ஜனாதிபதி ஐசனோவர் நிருபர்களைச் சந்தித்தார். ஒரு வியாபாரக் கம்பெனி தன் வியாபாரத்தைப் பெருக்கிக்கொள்ளச் செய்த காரியம் இது என்ற பொருள்படப் பேசினார்.

வியாபாரம் இல்லாமல் இல்லை. பத்திரிகையும் வியாபாரம்தான், டெலிவிஷனும் வியாபாரம்தான். ஆனால் கம்பெனிக்கு லாபம் வந்தது என்பதற்காக, ஜனங்கள் கண்டது பொய்யாகிவிடுமா? ஐசனோவர் பெரிய போரை நடத்தி வென்ற தளபதி. எதிரியின் மனதை அறிவது எவ்வளவு முக்கியம் என்பது அவருக்குத் தெரியாதது அல்ல. அந்த அறிவு தளபதிக்கு மட்டும் போதும், குடிமக்களுக்கு வேண்டாம் என்பது என்ன நியாயம்?

எதிர்வீட்டுக்காரன் வம்புக்காரன் என்றால், அவன் என்ன பேசுகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதுதான் கெட்டிக்காரத்தனம். அன்று குருசேவைப் பார்த்தவர்கள் பச்சைக் குழந்தைகள் அல்ல. ஹங்கேரியில் நடந்ததை 7 மாதத்துக்கு முன்புதான் பத்திரிகைகளில் படித்தவர்கள். அவர் சமாதானம் என்று சொன்னால், எந்தச் சமாதானம் என்று எடை போட அவர்களுக்குத் தெரியும். போட்டோவில் பூதமாகத் தெரிந்தவர், நேரில் சிரிக்கவும் முறைக்கவும் மழுப்பவும் செய்கிற ஒரு மனிதர் என்பதும் தெரிந்தது. பூதத்திடம் பேச முடியாது. மனிதரிடம் பேச முடியும். அணுகுண்டு வைத்திருக்கும் இரண்டு நாடுகளுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஒரு வழிப் பாதை

ஆட்சேபம் சொன்னவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. குருசேவ் பேசியதை அமெரிக்கர்கள் கேட்டார்கள். ஐசனோவர் பேசுவதை ரஷியர்கள் கேட்க முடியுமா? அமெரிக்க வானொலியின் ரஷிய ஒலிபரப்பைக் கேட்க விடாமல், இரைச்சலை எழுப்பி அமுக்கிக்கொண்டிருந்தது ரஷிய அரசாங்கம்!

இதற்குச் சரியான பதிலைச் சொன்னவர் லிண்டன் ஜான்சன். பின்னாளில் ஜனாதிபதி ஆனவர். அப்போது செனட் சபையில் ஜனநாயகக் கட்சியின் தலைவர். பேட்டி வந்த 6-ம் நாள் அவர் பேசினார். நம் கதவைச் சாத்தவேண்டாம், அவர்கள் கதவையும் திறக்கச் சொல்வோம் என்பதே அந்தப் பேச்சின் சாரம்.

கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 1958 ஜனவரியில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. வானொலி, டெலிவிஷன் நிகழ்ச்சிகளைப் பரிமாறிக்கொள்ளவும் அதில் இடம் இருந்தது. 1959-ல் மாஸ்கோ சென்ற துணை ஜனாதிபதி நிக்சன், ரஷிய டெலிவிஷனில் அந்த நாட்டு மக்களிடம் பேசினார். 1961-ல் ஜனாதிபதி கென்னடி அளித்த பேட்டியை ரஷியாவின் இஸ்வெஸ்டியா பத்திரிகை வெளியிட்டது. பேட்டி கண்ட ஆசிரியர் அட்ஜுபெய் யார் தெரியுமா? குருசேவின் மருமகன்!

இது முடிந்துபோன வழக்கும் அல்ல. 2003-ம் ஆண்டு பிப்ரவரியில், ஈராக் போருக்குச் சில வாரங்களுக்கு முன்பு, சதாம் உசேனை அதே சி.பி.எஸ். பேட்டி கண்டது. எதிரியைப் பேச விடலாமா என்ற பழைய கேள்வி மறுபடியும் எழுந்தது. பேச விடுவதில் ஆபத்து இல்லை. எதிரே இருப்பவர் கேள்வி கேட்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தால், அதில்தான் ஆபத்து.

கேள்வி கேட்பவர்களை மாஸ்கோ நெடுநாள் பொறுக்கவில்லை. 1957 முடிவில் ஊருக்குப் போன டேனியல் ஷோர் திரும்பி வர ரஷியா அனுமதி தரவில்லை. குருசேவின் பதவி 1964 அக்டோபரில் பறிபோனது. 1991 டிசம்பரில் சோவியத் யூனியனே கலைந்தது.

அமெரிக்கப் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் குருசேவ் சொன்ன ஜோசியம்? அவருடைய மகன் செர்கி குருசேவ் ராக்கெட் என்ஜினீயர். 1991-ல் அமெரிக்காவுக்குப் போய் அங்கேயே தங்கினார். 1999-ல் மனைவியுடன் அமெரிக்கப் பிரஜையாகப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்.