இடுப்பில் கட்டிய துண்டு



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கோவில்பட்டி வட்டாரத்தில் விதைப்பு மும்முரமாக இருக்கும். எப்போதும்வென்றானிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் வரைக்கும் மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும். மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கிறவர்களும் உண்டு. அவர்கள் எல்லாருக்காகவும் ஜெபிக்கிறோம். ஐப்பசி மழை தப்பாமல் பெய்யட்டும்.

அக்டோபர் மாதம் வந்தால் இந்தக் கரிசல் பூமியின் சபைகள் நினைத்துக்கொள்ள வேண்டிய ஒருவர் இருக்கிறார். 1858ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி சிவகாசியில் தமது 43ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்த தாமஸ் கஜட்டன் ராக்லாண்ட் ஐயர். நம்மில் பலர் அந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டோம். நாம் ஞாயிறுதோறும் கூடி ஆராதிக்கிற கோயில்களில் எத்தனையோ கோயில்களுக்கு முந்தின கதை அவருடைய கூடாரத்தில்தான் தொடங்குகிறது.

ராக்லாண்ட் கேம்பிரிட்ஜில் படித்தவர். 1841இல் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் நான்காவது இடம் பெற்றவர். கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெல்லோ பதவி கிடைத்தது. விரும்பியிருந்தால் அந்தக் கல்லூரியிலேயே புத்தகங்களோடும் மாணவர்களோடும் கௌரவமாக வாழ்ந்து முடித்திருக்கலாம். 1845இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். சென்னையில் சி.எம்.எஸ். மிஷனரி சங்கத்தின் செயலராக அமர்த்தப்பட்டார். தென்னிந்தியாவில் அந்தச் சங்கம் நடத்திய ஊழியங்களின் கடிதங்களும் கணக்குகளும் அவர் மேசைக்கு வந்துதான் போகும். அதுவும் பெரிய இடம்தான். ஆனால் அவருடைய கண் தெற்கே நம் பக்கம் இருந்தது.

அப்போது மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் என்று தெற்குத் திருநெல்வேலியில் சபைகள் வேரூன்றிவிட்டன. பள்ளிக்கூடங்கள் இருந்தன, கோபுரம் வைத்த கோயில்கள் எழும்பிக்கொண்டிருந்தன. வடக்கே இருந்த கரிசல் சீமையோ கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. 1854இல் ராக்லாண்ட், கேம்பிரிட்ஜில் படித்த டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களையும் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். பங்களா கட்டவில்லை. கூடாரம் அடித்தார்கள். ஓர் ஊரில் சில நாள், பிறகு கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊர். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிற மண்ணும், மழை பெய்தால் காலை விடாமல் பிடித்துக்கொள்கிற சகதியும் நமக்குப் பழக்கம். இங்கிலாந்தின் கல்லூரி அறையிலிருந்து வந்த, நெஞ்சு நோயால் ரத்தம் கக்கிய ஒரு மனிதருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாலரை வருஷம் அப்படி அலைந்தார். மிஷன் அறிக்கையில் எழுதிக் காட்டும்படியான பெரிய அறுவடை எதையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. ஊழியத்தில் வெற்றிக்கு நிச்சயமான வழி கிறிஸ்து போன வழிதான், கோதுமை மணியாக நிலத்தில் விழுந்து சாவதுதான் என்று அவர் எழுதியிருக்கிறார். எழுதினபடியே வாழ்ந்தார்.

அவர் தனியாக வரவில்லை. தெற்கேயுள்ள தமிழ்ச் சபைகள் தங்கள் காணிக்கையில் உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்பின. வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, கட்டுச்சோற்றோடு, முன்பின் தெரியாத ஊர்களில் போய் நின்ற நம் ஜனங்கள் அவர்கள். ராக்லாண்ட் ஐயரின் பெயரையாவது புத்தகங்கள் காத்து வைத்திருக்கின்றன. அந்த உபதேசியார்களில் பலருடைய பெயரை அவரவர் வம்சத்தார் மட்டுமே சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பரலோகத்தின் கணக்கில் இந்த இரு சாராருக்கும் இடையே ஏற்றத்தாழ்வு இருக்காது என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

பிரியமானவர்களே, பெரியவன் யார் என்ற கேள்வி சீஷர்களுக்குள்ளேயே வந்த கேள்வி. செபதேயுவின் குமாரர் இருவரும் வலது பக்கமும் இடது பக்கமும் இடம் கேட்டார்கள். மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வந்தது. அந்த இடத்தின் மேல் அவர்களுக்கும் கண் இருந்திருக்க வேண்டும். கடைசி இராப்போஜனத்தின் மேசையில்கூட அந்த வாக்குவாதம் ஓயவில்லை என்று லூக்கா எழுதுகிறார். அதே இரவில்தான் ஆண்டவர் எழுந்து, மேலங்கியைக் கழற்றி வைத்து, ஒரு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவர்கள் காலைக் கழுவினார்.

நம் ஊர்க்காரர்களுக்கு அந்தத் துண்டின் கனம் நன்றாகத் தெரியும். தோளில் கிடக்கிற துண்டு நமக்கு மரியாதை. ஊர்ப் பெரிய மனிதர் எதிரே வந்தால் அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கவும் இடுப்பில் கட்டவும் ஒடுக்கப்பட்ட மக்கள் கட்டாயப்படுத்தப்பட்ட காலம் நம் தாத்தாமார் கண்ட காலம்தான். தோளில் துண்டு போட்டதற்காக அடிபட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட மண்ணில் நின்று யோவான் 13ஆம் அதிகாரத்தை வாசிக்கிறோம். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறார் என்று இயேசு அறிந்திருந்தார் என்பதை யோவான் முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் துண்டைச் சொல்லுகிறார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவருக்குப் பயம் இல்லை. தாம் யார் என்று தெரிந்தே அவர் குனிந்தார்.

ஆகவே தாழ்மை, மேலே இருக்கிறவன் மனதார எடுக்க வேண்டிய முடிவு. ஏற்கெனவே மிதிபட்டவனைப் பார்த்து இன்னும் குனி என்று சொல்லுகிற பிரசங்கம் சுவிசேஷம் ஆகாது. ஆலயத்தைப் பெருக்குகிற தாயிடம் பணிவைப் பற்றிப் பேச நமக்கு ஒன்றுமில்லை. அவரிடமிருந்து கற்றுக்கொள்ளத்தான் இருக்கிறது. தாழ்மையைப் பற்றின பிரசங்கம் முன்வரிசை நாற்காலிகளுக்கு உரியது, முதலாவது பிரசங்க பீடத்துக்கும் இந்த ஆசிரியர் பக்கத்துக்கும் உரியது.

நம் திருநெல்வேலிச் சீமை இதைப் பாடுபட்டுத்தான் கற்றது. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் ஜாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்துச் சுவரே எழுப்பியிருந்தார்கள். அந்தச் சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. அதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர், பிறப்பால் உயர்ந்தவர் என்று எண்ணப்பட்டவர். விசுவாசியான பிறகு எல்லா ஜாதியாரோடும் சேர்ந்து உட்கார்ந்தார், சேர்ந்து சாப்பிட்டார். அதற்கும் சேர்த்துத்தான் அவர் விலை கொடுத்தார். 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமாபுரியில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். கத்தோலிக்கச் சகோதரர்களோடு சேர்ந்து நாமும் அதற்காகக் கர்த்தரைத் துதித்தோம். அவரோடு பந்தியில் உட்கார நாம் ஆயத்தமா என்பதுதான் இன்னும் மிஞ்சி நிற்கிற கேள்வி.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒய்.எம்.சி.ஏ.வின் செயலராக நாடெங்கும் சுற்றியவர், 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். மற்றவர்களை மிஷனரியாக அனுப்பிக்கொண்டே நாம் இங்கே இருந்துவிடலாமா என்ற கேள்வி அவரை விடவில்லை. 1909இல் வேலையை விட்டுவிட்டுத் தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல்லுக்குத் தாமே மிஷனரியாகப் போனார். அடுத்த வருஷம் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் நின்று மேல்நாட்டு மிஷனரிமாரிடம், நீங்கள் செய்த தியாகத்துக்கு நன்றி, இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற கருத்தில் பேசினார். கூட்டத்தில் சிலருக்கு அது கசந்தது. அவர் கேட்டது நியாயம். அன்பு இல்லாமல் செய்கிற உபகாரம் மேலேயிருந்து எறிகிற பிச்சையாகிவிடும். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர்தான். அந்த மரியாதையைச் சுமந்துகொண்டு அவர் போன இடம் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட ஜனங்களின் தெருக்கள். மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் கிராமம் கிராமமாக அலைந்து, 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லிலேயே கண்ணை மூடினார். வெள்ளைக்கார நண்பர்களிடம் என்ன கேட்டாரோ, அதைத் தமக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தவர்களுக்குத் தாமே செய்து முடித்தார்.

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் இந்த வரிசையில் வந்தவர்தான். ராக்லாண்டின் வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதியவரும் அவரே. 1896இல் திருநெல்வேலிக்கு வந்து, சேலை உடுத்தி, தமிழ்ப் பெண்கள் குழு ஒன்றோடு ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தார். 1901இல் கோயிலுக்குப் பொட்டுக் கட்டக் குறிக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி தப்பி ஓடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பல பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சி, குளிப்பாட்டி, நகம் வெட்டி, இரவெல்லாம் விழித்திருந்தால் ஊர்களுக்குப் போவது எப்படி? இத்தனை பெரிய ஊழியத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு ஆயாவாக இருப்பது சரிதானா என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷரின் காலைக் கழுவினது நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அரை நூற்றாண்டு அந்தப் பிள்ளைகளோடு இருந்தார். 1931இல் கீழே விழுந்து அடிபட்டபின் ஏறக்குறைய இருபது வருஷம் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தபோதும் டோனாவூரை விட்டுப் போகவில்லை. 1951 ஜனவரி 18 அன்று மரித்தார். கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்பது அவர் விருப்பம். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டியை வைத்தார்கள். அதில் பொறித்திருப்பது அம்மா என்று அவர்கள் அழைத்த பெயர் மட்டுமே.

இந்தச் சாட்சிகளின் பிள்ளைகள் நாம். நம் காரியம் எப்படி இருக்கிறது? சபைத் தேர்தல் வந்தால் ஒரே குடும்பத்துக்குள் பேச்சு வார்த்தை அற்றுப்போகிறது. கோயில் வாசலில் ஒரு குழாய் போட்டால் தண்ணீர் வருவதற்கு முன்னால் உபயகாரர் பெயர் வந்துவிடுகிறது. பண்டிகைக்கு வைக்கிற ஃபிளெக்ஸ் பேனரில் ஆண்டவர் முகம் ஒரு மூலையிலும் நம் முகங்கள் நடுவிலும் இருக்கின்றன. ஊழியன் என்ற வார்த்தையைப் பட்டமாக அணிந்துகொண்டு, மாலைக்கும் பொன்னாடைக்கும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். இதை வருத்தத்தோடு எழுதுகிறேன். இப்படிச் செய்கிறவர்களெல்லாம் கெட்டவர்கள் அல்ல. சபையை நேசிக்கிறவர்கள்தான். நேசத்துக்குள்ளேயே பெயராசை நுழைந்துவிடுகிறது. பன்னிரண்டு பேருக்குள் நுழைந்தது நமக்குள் நுழையாதா?

ஆனாலும் மனம் சோர எனக்குக் காரணமில்லை. எப்போதும்வென்றான் போன்ற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும் முன்பே யாரோ வந்து பாய் விரித்து, விளக்குத் துடைத்து, தண்ணீர்க் குடத்தை நிரப்பி வைத்துவிட்டுப் போகிறார்கள். யாரோ ஒரு அண்ணன், தனியாக இருக்கும் பாட்டியைக் கோவில்பட்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், சீட்டு எழுதி, மாத்திரை வாங்கி, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். தீப்பெட்டி ஆபீஸில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற அக்காமார் இருக்கிறார்கள். ராக்லாண்டின் கூடாரத்தோடு வந்த அந்த உபதேசியார்களின் வாரிசு இவர்கள்தான். சபை நிற்பது இவர்களால்.

வாசகர்களை மூன்று காரியம் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, இந்த வருஷம் உங்கள் சபையில் அசனம் நடக்கும்போது கமிட்டி அங்கத்தினரும் சபைப் பெரியவர்களும் பரிமாறட்டும், கடைசிப் பந்தியில் சாப்பிடட்டும், அண்டா குண்டா கழுவும்வரை அங்கேயே நிற்கட்டும். கோயில்பிள்ளையும் கூட்டிப் பெருக்குகிறவர்களும் முதல் பந்தியில் உட்காரட்டும். இரண்டாவது, அவர்களுக்கு நாம் கொடுக்கிற சம்பளம் ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமா என்று கமிட்டியில் கேளுங்கள். போதாதென்றால் அந்தக் கூட்டத்திலேயே கூட்டிக் கொடுக்கத் தீர்மானியுங்கள். தாழ்மையைப் பற்றி ஆயிரம் செய்தி கொடுப்பதைவிட அது மேல். மூன்றாவது, பெயர் போடாமல் ஒரு நன்மையைச் செய்யுங்கள். செய்ததை யாரிடமும் சொல்லாதிருங்கள், எங்கள் பத்திரிகைக்கும் எழுதி அனுப்பாதிருங்கள்.

நம் ஆண்டவர் ஊழியங்கொள்ள வரவில்லை, ஊழியஞ்செய்ய வந்தார். அவரைப் பின்பற்றுகிறவர்களுக்குள் பெரியவராக வேறு வழியே கிடையாது. அந்த வழியில் இந்த மாதம் ஓர் அடியாவது எடுத்து வைப்போம். கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் உங்கள் காட்டு விதைப்பையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
ஆசிரியர்