பரண்மேல் உறங்கும் மடிக்கணினி

மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த நம் பிள்ளைகள் பலர் அதனைப் பெற்றனர். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் அவற்றுட் சில இன்றும் பரண்மேல் உறங்குகின்றன. “திறப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்” என்று அலுத்துக்கொண்டு, தவணையில் புதியது வாங்க நினைப்போரும் உண்டு. கடன் படுமுன் சற்றுப் பொறுக்குமாறு வாசக அன்பர்களை வேண்டுகிறோம்.

இம்மந்தத்திற்குப் பெரும்பாலும் காரணம் ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டே. காந்தப் பூச்சுடைய தட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழல, அதன்மேல் தலைமயிரின் பருமனினும் மிகச் சிறிய இடைவெளியில் ஒரு முனை அசைந்து எழுதுகிறது, படிக்கிறது. பாட்டரி செத்துப்போன கணினியில் திடீரென மின்சாரம் நின்றால் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் அறுந்து கோப்பு கெடுவதும் உண்டு. (1956இல் ஐ.பி.எம். நிறுவனம் செய்த முதல் வன்தட்டில் 50 தட்டுகள் இருந்தும், கொள்ளளவு ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றிற்கே அது போதியும் போதாமலும் இருக்கும்!)

இதற்கு மாற்று, சுழலும் பாகம் ஏதுமில்லாத எஸ்.எஸ்.டி. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடை தூரமே. ‘இரண்டரை அங்குல சாட்டா’ என்று கேட்டு வாங்குக.

மாற்றும் வேலை கடினமன்று. மின்கம்பியையும் பாட்டரியையும் நீக்கி, அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால் வன்தட்டு தென்படும். அதனை மேல்நோக்கி நெம்பாமல் பக்கவாட்டில் மெல்ல இழுத்தெடுத்து, அதன் தகரச் சட்டத்தைப் புதியதற்கு மாட்டிச் செருக வேண்டியதுதான். பின்னர் இயங்குதளம் நிறுவ வேண்டும். விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிவுற்றமையால், பழைய கணினிக்கு லினக்ஸே தக்கது என்பது நம் கருத்து.

ஆனால், திருப்புளியைத் தொடுமுன் உள்ளிருப்பதைப் படியெடுத்துவிட வேண்டும். மதிப்பெண் சான்றிதழ், கடவுச்சீட்டு நகல், மறைந்த தாத்தாவின் கடைசிப் படம் ஆகியவை அந்த ஒரு தட்டில் மட்டுமே இருக்கக்கூடும். தட்டு ‘டக், டக்’ என ஓசையிடுமாயின் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் சேதத்தைக் கூட்டலாம். உடனே நிறுத்தி, தரவு மீட்பதையே தொழிலாகக் கொண்டோரிடம் செல்வதே நலம்.

கழற்றிய தட்டைக் கடையிலேயே விட்டு வருவது தகாது. மேலோட்டமாக ‘ஃபார்மட்’ செய்தல், நூலின் பொருளடக்கத் தாளைக் கிழிப்பது போன்றது. உட்பக்கங்கள் அப்படியே இருக்கும். உங்கள் மகளின் படங்கள் அந்நியர் கைக்குப் போக வேண்டுமா? பழுதான தட்டாயின் துளையிட்டு அழித்த பின்னரே மின்கழிவுக்குக் கொடுங்கள்.

மந்தமே அன்றிப் பழுதில்லையெனில், யூ.எஸ்.பி. உறையொன்றில் அதனை இட்டு இரண்டாம் படியாக வைத்துக்கொள்ளலாம். அதையும் கணினி இருக்கும் பரணிலேயே வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகக் குடியிருப்புகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. வேற்றூரில் மாடி வீட்டிலிருக்கும் சித்தியிடமோ அத்தையிடமோ, பெயர் எழுதிய உறையிலிட்டுக் கொடுத்து வையுங்கள்.