முழங்கால் பார்த்து ஆள் எடுப்பவர்கள்

காயத்தால் விலை இறங்கிய நல்ல ஆட்டக்காரரை டிராஃப்டின் கடைசிச் சுற்றுகளில் எடுத்துப்போட வேண்டியதுதானே, ஆடினால் கொள்ளை லாபம், ஆடாவிட்டால் போகட்டும் என்று அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் தங்கள் அணிகளுக்கு யோசனை சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பாதி சரியும்கூட. மீதிப் பாதியைப் பற்றி, முழங்கால் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில், எனக்குச் சில மனத்தாங்கல்கள் உண்டு.

முதலில் அந்த டிராஃப்ட் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல் ஏலம்போல அங்கே யாரும் விலை கேட்பதில்லை. கல்லூரிகளில் ஆடிவிட்டு வரும் இளைஞர்களை அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் 32 அணிகளும் வரிசைப்படி அழைத்துக்கொள்ளும். போன ஆண்டு கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. ஏழு சுற்றுகள், ஏறக்குறைய 260 பேர். எத்தனையாவதாக அழைக்கப்பட்டார் என்பதே ஒருவருடைய சம்பளத்தைக் கிட்டத்தட்ட முடிவுசெய்துவிடும். 2011-இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு பேரம் பேச அதிக இடமில்லை. நான்கு ஆண்டு, ஏற்கெனவே வரையறுத்த தொகை, கையெழுத்து, அவ்வளவுதான்.

கடைசி மூன்று சுற்றுகளில் வருகிறவர்களில் பெரும்பாலோர் நிலைத்து ஆடுவதில்லை. காயமே படாத சுமாரான ஒருவரை எடுத்தாலும், இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர் மூட்டை கட்டத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியிருக்க, முதல் சுற்றுக்குரிய திறமையும் சந்தேகத்துக்குரிய உடம்பும் கொண்ட ஒருவரை எடுப்பதில் என்ன குறைந்துவிடப்போகிறது? இந்தக் கேள்விக்கு நடமாடும் பதில் ட்ரே ஸ்மித். டென்னசி பல்கலைக்கழகத்தின் இந்தக் கார்டு ஆட்டக்காரருக்கு 2018-இல் நுரையீரலில் ரத்தக்கட்டிகள் இருப்பது தெரியவந்தது. அணிகள் பயந்து ஒதுங்கின. 2021 டிராஃப்டில் ஆறாம் சுற்றில், 226-வது ஆளாகத்தான் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அவரை அழைத்தது. முதல் ஆண்டே அணியின் முதல் வரிசையில் இறங்கினார். லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் இரண்டு கோப்பைகள் கிடைத்தன. 2025 ஜூலையில் நான்கு ஆண்டுகளுக்கு 9 கோடியே 40 லட்சம் டாலருக்குப் புதிய ஒப்பந்தம் போட்டார்.

இந்த ஒரு கதையைக் காட்டியே அந்த யோசனையைப் பலர் விற்றுவிடுகிறார்கள். எனக்கோ, இதைவிடப் பாடம் நிறைந்தது சான் பிரான்சிஸ்கோ 49ers அணியின் கதை.

2005-இல் அந்த அணி மூன்றாம் சுற்றில் 65-வது ஆளாக மயாமி பல்கலைக்கழகத்தின், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் ஃப்ராங்க் கோரை எடுத்தது. கல்லூரியிலேயே அவருக்கு இரண்டு முழங்கால்களிலும் ஒவ்வொரு முறை ஏசிஎல் ஜவ்வு கிழிந்திருந்தது. வெட்டித் திரும்பி, மோதி, விழுந்து எழுவதே தொழிலாக உள்ளவருக்கு இரண்டு முட்டியும் அறுவை கண்டவை. யார் முன்பணம் கொடுப்பார்கள்? ஆனால் கோர் 16 சீசன் ஆடினார். சரியாக 16,000 கஜம் ஓடி முடித்தார். என்எஃப்எல் வரலாற்றில் எமிட் ஸ்மித், வால்ட்டர் பேட்டன் இருவர் மட்டுமே அவருக்கு மேலே இருக்கிறார்கள். ரன்னிங் பேக்குகளின் சராசரி ஆயுளைத் தெரிந்தவர்களுக்கு இது நம்ப முடியாத எண்.

அதே அணி 2013-இல் கோருக்கு வாரிசு தேடியது. நான்காம் சுற்றில் 131-வது ஆளாக தென் கரோலினாவின் மார்கஸ் லாட்டிமோரை எடுத்தது. இவருக்கும் இரண்டு முழங்கால்களும் போயிருந்தன: 2011-இல் இடது, 2012 அக்டோபரில் வலது. கோர் அப்போதும் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு முட்டியும் அறுத்த ஒருவர் கண்ணெதிரே ஓடுகிறார், இன்னொருவர் ஏன் ஓட மாட்டார் என்று யாருக்கும் தோன்றும். லாட்டிமோர் முதல் ஆண்டு முழுக்க சிகிச்சைப் பட்டியலில் இருந்தார். அடுத்த ஆண்டு பயிற்சிக்கு வந்து பார்த்தார். 2014 நவம்பரில், ஒரு ஆட்டம்கூட ஆடாமல், 23 வயதில் ஓய்வை அறிவித்துவிட்டார்.

வெளியே இருந்து பார்த்தால் இருவருக்கும் ஒரே குறிப்புதான்: இரண்டு முழங்கால், இரண்டு காயம். உள்ளே அது ஒன்றல்ல. ஏசிஎல் மட்டும் கிழிந்தால், உடம்பின் வேறிடத்திலிருந்து ஒரு துண்டுத் தசைநாரை எடுத்து அந்த இடத்தில் கட்டிவிடலாம். அது உயிர்பிடித்து ஜவ்வாக மாற ஒன்பது மாதமாவது விட வேண்டும். பொறுமையிருந்தால் நன்றாகவே வேலை செய்யும். லாட்டிமோரின் இரண்டாவது காயத்தில் மூட்டே இடம்பெயர்ந்து பல ஜவ்வுகள் ஒருசேர அறுந்தன. எங்கள் துறையில் இப்படி மூட்டு விலகி வந்தால், ஆட்டத்துக்குத் திரும்புவாரா என்று யோசிப்பதற்கு முன்னால், முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் தப்பியதா, கால் தப்புமா என்று பார்ப்போம். இரண்டு காயங்களையும் ‘முழங்கால் அறுவை’ என்று ஒரே கட்டத்தில் எழுதுவதில்தான் தவறு தொடங்குகிறது.

ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்டுக்கு முன்னால், பிப்ரவரி, மார்ச்சில் 300-க்கு மேற்பட்ட இளைஞர்களை இண்டியானாபொலிஸ் நகரில் கூட்டிப் பரிசோதிக்கிறார்கள். தொலைக்காட்சி 40 கஜ ஓட்டத்தைக் காட்டும். அணிகளுக்கு உண்மையில் வேண்டியது உள்ளே நடக்கும் மருத்துவப் பரிசோதனை. பையன் மேசையில் படுத்திருப்பான். ஒரு அணியின் மருத்துவர் பார்த்துவிட்டுப் போனதும் இன்னொரு அணியின் மருத்துவர் அதே முட்டியை இழுத்துப் பார்ப்பார். முட்டியை 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையை அழுத்திப் பிடித்து, மறு கையால் கெண்டைக்காலை முன்னால் இழுப்போம். நல்ல ஜவ்வாக இருந்தால் சட்டென்று நிற்கும், கையில் தெரியும். அறுந்திருந்தால் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வரும். நன்றாகச் செய்த அறுவையிலும் சட்டென்று நிற்கும். ஆனால் 110 கிலோ ஆள் பக்கவாட்டில் மோதும்போது அந்தத் துண்டு தாங்குமா, அவன் அந்தக் காலை நம்பி வெட்டித் திரும்புவானா என்பது என் கைக்குத் தெரியாது. எம்ஆர்ஐ படத்துக்கும் தெரியாது.

கைக்குத் தெரியாததைப் புள்ளிவிவரம் கொஞ்சம் சொல்லும். ஏசிஎல் அறுவைக்குப் பிறகு மறுபடி விளையாட்டுக்குப் போகும் இளைஞர்களில் ஏறத்தாழ நான்கைந்து பேரில் ஒருவருக்கு அதே முட்டியிலோ அடுத்த முட்டியிலோ மீண்டும் கிழிகிறது. பழைய காயம்தான் புதிய காயத்தின் மிக நம்பகமான முன்னறிவிப்பு. தொடைப் பின்தசை விஷயத்தில் இது இன்னும் மோசம்.

இதைத் தெரிந்தும் 49ers ஏன் துணிந்தது? அதற்கு ஒரு கணக்கு இருந்தது. 2013 பிப்ரவரியில் அவர்கள் சூப்பர் பவுல் வரை போய் மயிரிழையில் தோற்றவர்கள். கையில் நல்ல ஆட்டக்காரர்கள், கூடவே ஏகப்பட்ட டிராஃப்ட் வாய்ப்புகள். உடனே ஆடும் புது ஆள் தேவையில்லை, காத்திருக்க முடியும். பொது மேலாளர் ட்ரெண்ட் பால்கி இதையே கொள்கையாக்கிவிட்டார். லாட்டிமோரோடு 2013-இல் டேங்க் கேரடைன், 2014-இல் பிராண்டன் தாமஸ், கீத் ரீசர், 2015-இல் டியாண்ட்ரே ஸ்மெல்ட்டர், 2016-இல் வில் ரெட்மண்ட். எல்லோரும் ஏசிஎல் கிழிந்து வந்தவர்கள். இவர்களில் ஒருவரும் அந்த அணியின் தூணாகவில்லை. அணியோ 2014-இல் 8 வெற்றி, அடுத்த ஆண்டு 5, அதற்கடுத்த ஆண்டு 2 என்று இறங்கியது. பால்கியின் வேலையும் போனது. அந்தச் சரிவுக்குக் காரணம் இந்த முழங்கால்கள் மட்டும் என்று சொன்னால் அது அநியாயம். நட்சத்திரங்கள் ஓய்வுபெற்றார்கள், பயிற்சியாளர் போனார். ஆனால் அந்த ஓட்டைகளை அடைக்க வேண்டிய வயதில் இருந்தவர்கள் இவர்கள்தான்.

ஆடாவிட்டால் நஷ்டமில்லை என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. ஒரு முறை ஒருவரை எடுத்துத் தோற்றால் நஷ்டம் தெரியாது. நான்கு ஆண்டு தொடர்ந்து ஒரே வகைக் காயத்தை வாங்கிச் சேர்த்தால், அத்தனையும் ஒரே காரணத்தால் கவிழும்.

அணிக்கு மற்றவர்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருந்தால் கதை வேறு. 2016 புத்தாண்டு தினத்தில் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் லைன்பேக்கர் ஜேலன் ஸ்மித்துக்கு முட்டி ஜவ்வுகளோடு, பக்கவாட்டில் ஓடும் நரம்பும் அடிபட்டது. பாதத்தைத் தூக்கும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு அது. அடிபட்டால் பாதம் தொங்கிவிடும். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், வளராமலும் போகலாம். முதல் ஐந்து இடங்களுக்குள் வந்திருக்க வேண்டியவர் இரண்டாம் சுற்றில் 34-வது இடத்துக்குச் சரிந்தார். அவரை எடுத்த டல்லஸ் கவ்பாய்ஸின் அணி மருத்துவர்தான் அந்த முட்டிக்கு அறுவை செய்தவர். மற்ற 31 அணிகள் படத்தைப் பார்த்தபோது, அவர் முட்டியைத் திறந்தே பார்த்திருந்தார். ஓராண்டு உட்காரவைத்தார்கள். அடுத்த ஆண்டு பாதத்தைத் தாங்கும் பட்டையோடு இறங்கியவர், 2019-இல் நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பவுல் வரை போனார். அதிர்ஷ்டத்தை நம்பி எடுத்த முடிவாக இதை நான் பார்க்கவில்லை.

மருத்துவர்களை ரொம்பவும் நம்பிவிட வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜேலன் சரிந்த அதே 2016 டிராஃப்டில், யுசிஎல்ஏவின் மைல்ஸ் ஜாக்கும் முட்டிக் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்ற பேச்சால் 36-வது இடத்துக்குச் சரிந்தார். பிறகு ஜாக்சன்வில் அணிக்காக ஆறு சீசன் ஆடித் தீர்த்தார். 2011-இல் முட்டி காரணமாக 51-வது இடத்துக்குச் சரிந்த டக்வான் போவர்ஸை மறு ஆண்டு கவிழ்த்தது முட்டியல்ல, குதிகால் தசைநார். நாங்கள் எச்சரித்தது நடக்காமலும், எச்சரிக்காதது நடந்தும் போகிறது.

இருந்தாலும் சில விஷயங்கள் நிச்சயம். ஆடும் இடம் முக்கியம். கார்டு ஒருவர் எதிராளியை நேருக்குநேர் முட்டித் தள்ளுகிறார். ரன்னிங் பேக் முழு வேகத்தில் ஓடி, ஒற்றைக்காலை ஊன்றித் திரும்புகிறார். அதே முட்டி முன்னவருக்குப் போதும், பின்னவருக்குப் போதாது. ட்ரே ஸ்மித்தின் நோய் மூட்டைத் தின்னும் நோயுமல்ல. மருந்து, கண்காணிப்பு, பயிற்சியில் மோதலைக் குறைப்பது என்று கட்டுக்குள் வைக்கக்கூடியது. கல்லூரியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் அப்படிக் கட்டுக்குள் இருந்தும் காட்டினார். அதையும் 32 அணிகள் ஆறாம் சுற்றுவரை பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. ரத்தம் என்றதும் பயந்துவிட்டார்கள் போலும். நான் ஒரு அணிக்கு ஆலோசனை சொல்வதானால், ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு இப்படிப்பட்டவர் வந்தால் எடு. முட்டி விலகிய ரன்னிங் பேக்கை ஏழாம் சுற்றில்கூட யோசித்து எடு என்பேன்.

இன்னொன்றையும் அணிகள் வெளியே சொல்வதில்லை. அவை வாங்குவது நான்கு ஆண்டுகளைத்தான். 1995-இல் ஆறாம் சுற்றில் 196-வது ஆளாக டென்வர் ப்ராங்கோஸ் எடுத்த டெரல் டேவிஸை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு சீசன் அசுரத்தனமாக ஓடினார். 1998-இல் மட்டும் 2,008 கஜம், இரண்டு சூப்பர் பவுல். 1999-இல் முட்டி போனது. பழைய வேகம் திரும்பவேயில்லை. அணியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதைவிட நல்ல முதலீடு இல்லை. ஆட்டக்காரருக்கோ அந்த நான்கு ஆண்டுதான் மொத்த வாழ்க்கையும்.

ஏலத்தில் இந்த நஷ்டம் வேறு கைக்குப் போகும். 2022 ஐபிஎல் ஏலத்தில், காயத்தால் ஜோஃப்ரா ஆர்ச்சர் அந்த ஆண்டு ஆட மாட்டார் என்று தெரிந்தே மும்பை இந்தியன்ஸ் 8 கோடி ரூபாய் கொடுத்தது. வேறு அணிகளும் கேட்டதால் விலை ஏறியது. காயத்தின் சுமையை வாங்கியவரே சுமந்தார். டிராஃப்டில் அந்தப் போட்டி கிடையாது. 2016-இல் முதல் ஐந்து இடங்களில் வந்தவர்களுக்கு 2 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. ஜேலன் ஸ்மித்துக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 65 லட்சம். வித்தியாசம் அத்தனையையும் அவருடைய முட்டியே கட்டியது. ஆறாம் சுற்றுக்குச் சரிந்தவர்களின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆடி நிரூபித்தாலும் உடனே சம்பளம் உயராது. டிராஃப்டில் வந்தவர் மூன்று சீசன் முடியும்வரை ஒப்பந்தத்தை மாற்றிப் பேசவே விதி இடம்தராது. நான்காம் ஆண்டில் ஒரு சிறு உயர்வும், ஆடிய அளவைப் பார்த்துப் பகிரும் ஒரு நிதியும் உண்டு. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ரன்னிங் பேக்கின் மூன்று சீசன் என்பது, நான் மேசையில் பார்த்த முட்டிகளை வைத்துச் சொன்னால், பாதி ஆயுள்.

நான்காம் சுற்றிலும் அதற்குப் பிறகும் வந்தவர்களுக்கு மட்டுமாவது இந்த மூன்று சீசனை இரண்டாகக் குறைக்க வேண்டும். யார் காயத்தால் சரிந்தார், யார் திறமைக் குறைவால் சரிந்தார் என்று பிரிக்கும் தகராறே வேண்டாம், எல்லோருக்கும் கொடுத்துவிடலாம். சுமாராக ஆடியவருடன் எந்த அணியும் மறுபேச்சுக்கு உட்காரப்போவதில்லை, அதனால் செலவும் பெரிதாக ஏறாது. நடப்பில் உள்ள ஒப்பந்தம் 2030 சீசன்வரை இருக்கிறது. ஆட்டக்காரர் சங்கம் அடுத்த முறை மேசைக்குப் போகும்போது சம்பள உச்சவரம்பில் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று பேசுவதற்கு முன்னால் இதைக் கேட்கட்டும்.

(கட்டுரையாளர், விளையாட்டுக் காயங்களுக்கான எலும்பு மற்றும் மூட்டு அறுவை சிகிச்சை மருத்துவர்)