பழைய சைக்கிள் தேடி ஊருக்கு வர்றவங்களுக்கு

மாசத்துக்கு ஒரு போனாவது வந்துடுது. "அண்ணா, உங்க ஊர்ப் பக்கம் பழைய ராலே, ஹம்பர் ஏதாச்சும் கிடைக்குமா? வாங்கி நானே ரெடி பண்ணி ஓட்டலாம்னு இருக்கேன்." கோயமுத்தூர், பெங்களூர், சென்னைன்னு எல்லா ஊர்ல இருந்தும் கேக்கறாங்க. பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலையில இருக்கறவங்க. நான் கேலி பண்றேன்னு நினைச்சுக்காதீங்க. கையில கிரீஸ் ஒட்டற வேலை ஒண்ணு தனக்கு வேணும்னு ஒருத்தருக்குத் தோணறது நல்லதுதான். ஆனா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி மாளல. இங்க எழுதி வச்சிட்டா லிங்க்கை அனுப்பிடலாம் பாருங்க. இதுல பாதி தகவல், மீதி என் அபிப்பிராயம்.

முதல்ல, கிடைக்காததைச் சொல்லிடறேன். வளைஞ்ச ஹேண்டில்பாரும் ஒல்லி டயரும் வச்ச ரேஸ் சைக்கிள் எங்க ஈரோட்டுப் பக்கக் கிராமத்துல கிடைக்காது. எங்க ரோட்டுல அது ஓடியிருந்தாத்தானே கிடைக்கும். இங்க இருக்கறது கருப்புப் பெரிய சைக்கிள். 28க்கு 1½ டயர், ராட் பிரேக், பின்னாடி அகலமான கேரியர், முன்னாடி வீலுக்கு 32 போக்ஸ், பின்னாடி வீலுக்கு 40. ஏன் பின்னாடி 8 கம்பி அதிகம்னா சுமை பூரா அங்கதான் ஏறுது. 45 கிலோ யூரியா மூட்டை, பால் கேன், சோளத்தட்டுக் கட்டு, காயில் எரிஞ்சுபோன கிணத்து மோட்டார், சில நாள் சீக்காளி ஆட்டுக்குட்டி. வெறும் வண்டியே 20 கிலோ பக்கம் வரும். மாடிப்படியில தூக்கிட்டு ஏறணும்னு இருக்கறவங்க இன்னொருவாட்டி யோசிச்சுக்கங்க.

அடுத்தது, "இங்கிலாந்து மேக்" மோகம். 1950களுக்கு முன்னாடி வந்த வண்டிக்கு அது சரி. அதுக்கப்புறம் ஓடினதுல பெரும்பாலானது இங்கயே செஞ்சது. முருகப்பா குடும்பமும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து அம்பத்தூர்ல ஹெர்குலஸ் செஞ்சாங்க. சென்-ராலே கம்பெனி வங்காளத்துல ஆசன்சோல்ல இருந்தது. 1951ல சோனிபட்ல அட்லஸ், 1956ல லூதியானாவுல ஹீரோ. சென்னையில இருந்து 400 கிலோமீட்டர் கார் ஓட்டிட்டு வந்து, எங்க கட்டுத்தரையில ஒரு ஹெர்குலஸைக் கண்டுபிடிச்சு ஒருத்தர் துள்ளிக் குதிச்சார். "சார், இது உங்க அம்பத்தூர்ல இருந்து வந்ததுங்க"ன்னேன். அவர் வீடு இருக்கறது பாடியில!

கம்பெனியைக் கண்டுபிடிக்கப் பெயின்ட்டைப் பார்க்கறதை விட பெரிய பல்சக்கரத்தைப் பாருங்க. ராலேன்னா கொக்குத் தலை வெட்டியிருக்கும். ஹம்பர்ல அஞ்சு மனுசங்க நிக்கற மாதிரி இருக்கும், முன் ஃபோர்க்கும் பக்கத்துக்கு ரெண்டு ரெண்டு குழாயா இரட்டையா வரும். ரட்ஜ்ல விரிச்ச கை. பி.எஸ்.ஏ.ன்னா எழுத்தே இருக்கும். பின் ஹப்புல ஸ்டர்மி ஆர்ச்சர் மூணு கியர் இருந்தா உங்க அதிர்ஷ்டம். எங்க பக்கம் அபூர்வம். அந்த ஹப்பு மேலேயே வருஷமும் மாசமும் பொறிச்சிருப்பாங்க. 57ம் 3ம் இருந்தா 1957 மார்ச்சுன்னு அர்த்தம். ஒரு எச்சரிக்கை. 50 வருஷம் ஓடின வண்டியில பாகம் மாறாம இருக்காது. ஹீரோ ஃபிரேம்ல ராலே பல்சக்கரம் மாட்டி ஓடினது எங்க ஊர்லயே ரெண்டு உண்டு. சக்கரம், ஃபோர்க், முன்னாடி இருக்கற பித்தளை முத்திரை எல்லாம் ஒரே கம்பெனியைச் சொல்லுதான்னு பார்த்துக்கங்க.

துருவுக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது ஃபிரேம் கோணலுக்கு. ஹேண்டில் குழாய்க்குக் கொஞ்சம் பின்னால, கீழ்க் குழாயோட அடிப்பக்கத்தை விரலால தடவிப் பாருங்க. பெயின்ட் சுருங்கியோ மேடு தட்டியோ இருந்தா வண்டி எங்கயோ மோதியிருக்குன்னு அர்த்தம், விட்டுடுங்க. சீட் குழாய் அசையுதான்னு திருகிப் பாருங்க. துருவோட ஒட்டிப் போயிருந்தா அதைக் கழட்டவே வாரக்கணக்காகும். ரிம்முல மேல் துரு பரவாயில்ல. கம்பி மாட்டற ஓட்டையைச் சுத்தி அரிச்சிருந்தா ரிம் போச்சு. டயர், டியூப், பிரேக் கட்டை, காட்டர் பின் எல்லாம் இன்னிக்கும் புதுசா கிடைக்குது. கிடைக்காதது முழு செயின் கவர், பழைய தோல் சீட்டு, பித்தளை முத்திரை. இந்த மூணும் இருந்தா கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்ல. இன்னொண்ணு, இங்கிலாந்து ராலேயில பெடல் அச்சு உக்கார்ற கப்புக்குப் புரி வேற. மத்த கம்பெனி ஒரு இஞ்சுக்கு 24 புரி வச்சா ராலே 26 வச்சான். தெரியாதவர் கையில கொடுத்து சாதா கப்பை முடுக்கி ஏத்தினா ஃபிரேமோட புரியே அழிஞ்சுடும்.

இனி அபிப்பிராயம்.

வாங்கின உடனே பெயின்ட் அடிக்கறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வரும். அழுக்குக்கு அடியில பழைய கருப்பும் தங்கக் கோடும் இன்னும் இருக்கும். ஈரத்துணி, கொஞ்சம் எண்ணெய், நிறையப் பொறுமை, அவ்வளவுதான் வேணும். குரோமியத் துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணியில நனைச்சுத் தேய்ச்சாப் போதும். மட்காட்டுல பழைய சைக்கிள் வரி வில்லை ஒட்டிட்டு இருந்தா கழட்டிடாதீங்க. பார்ல பெயின்ட் தேஞ்ச இடம் இருக்கும், குழந்தையை உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போன இடம் அது. அதை மறைக்க 2,000 ரூபாய் பவுடர் கோட்டிங் எதுக்கு? அதைவிட மோசம், மஞ்சள் அடிச்சு காப்பிக் கடைச் சுவத்துல தொங்க விடறது. சொந்தக் காசு, சொந்த இஷ்டம்னு சொல்வீங்க. சரி. ஆனா அதுக்கு எங்கிட்ட வழி கேட்டு வராதீங்க.

யார்கிட்ட வாங்கறதுங்கறது அதைவிட முக்கியம். போன தை மாசம் ஒரு தம்பி வந்தார். சந்துல நடந்து போறப்ப ஒரு பெரியவர் வீட்டுக் கட்டுத்தரையில சாத்தி வச்சிருந்த ஹெர்குலஸைப் பார்த்துட்டார். செயின் கவர் முழுசா இருந்தது. "ஐயா, 3,000 தர்றேன், கொடுத்துடறீங்களா?" பெரியவருக்கு வாயெல்லாம் பல்லு. பழைய இரும்புக்காரர் 500, 600க்கு மேல கேட்டதில்ல. உடனே "எடுத்துக்கோ சாமி"ன்னுட்டார். உள்ள இருந்து அந்த அம்மா குரல் மட்டும் வந்தது: "நாளைக்குப் பால் எதுல கொண்டு போவீங்க?"

சொசைட்டி ரெண்டு கிலோமீட்டர். பெரியவருக்கு மொபெட் ஓட்டத் தெரியாது. நான் அந்தத் தம்பியைத் தனியாக் கூப்பிட்டு, இதை விட்டுடுங்கன்னேன். அவருக்கு என் மேல வருத்தம். "விக்கறவரே விக்கறேன்னு சொல்றப்ப நீங்க யாரு நடுவுல"ன்னு கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனா 3,000 ரூபாய் ஒரு மாசத்துத் தவிட்டுச் செலவுல கரைஞ்சு போயிடும். ரெண்டு வேளையும் கேனைத் தூக்கிட்டு நடக்கறது நிக்காது. உங்களுக்கு அது பொழுதுபோக்கு, அவருக்கு அது வண்டி. ஓடிக்கிட்டிருக்கற சைக்கிள்தான் வேணும்னா, இதே அளவுல புதுசு இன்னும் கடையில விக்குது. ஒண்ணு வாங்கி அவர் கட்டுத்தரையில நிறுத்திட்டு, அதுக்கு மேல பழையதுக்கு விலை பேசுங்க. கடைசியில அந்தத் தம்பி அப்படித்தான் செஞ்சார். செலவு மூணு மடங்காச்சு. ஆனா பெரியவர் புது வண்டியில பால் கொண்டு போறதை போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பினார்.

இல்லைன்னா பழைய இரும்புக் கடைக்குப் போங்க. என் சைக்கிள் அங்க வாங்கினதுதான். குவியலுக்கு அடியில இரட்டைக் குழாய் ஃபோர்க் மட்டும் நீட்டிட்டிருந்தது. எடை போட்டு, மேல 200 சேர்த்துக் கொடுத்து எடுத்துட்டு வந்தேன். சீட்டு இல்ல, ஒரு பெடல் இல்ல, ஹம்பர்ங்கற பேரும் பாதிதான் தெரிஞ்சுது.

அதைத் தள்ளிட்டு எங்க ஊர் சைக்கிள் கடை பாய்கிட்ட போனேன். அவருக்கு 70 தாண்டிடுச்சு. ஒருகாலத்துல வாடகைக்கே 22 சைக்கிள் விட்டவர். மாரியம்மன் நோம்பிக்கு முன்னாடி ஊர்ல இருக்கற அத்தனை வண்டியும் ஓவராயிலுக்கு வந்து வரிசை கட்டும்பார். இப்போ பள்ளிக்கூடத்துப் பசங்களோட இலவச சைக்கிள் பஞ்சரும், பைக்குக்குக் காத்து அடிக்கறதும்தான். பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான்.

என் வண்டியோட காட்டர் பின் கழலவே இல்ல. நானா இருந்தா சுத்தியை எடுத்து மாத்தி மாத்தி அடிச்சிருப்பேன். பாய் நட்டைக் கழட்டாம, பின் நுனிக்குச் சமமா வர்ற வரைக்கும் தளர்த்தினார். புரி நசுங்காம இருக்க அது. கிராங்குக்கு அடியில ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தார். ஒரே அடி. "ரெண்டாவது அடி அடிச்சா பின் வளைஞ்சிடும் தம்பி, முதல் அடியிலயே பேசி முடிச்சிடணும்." பால்ரஸ் குண்டை டீசல்ல கழுவினார், மண்ணெண்ணெய்தான் இப்பக் கிடைக்கறதில்லயே. வீல் கோட்டம் எடுக்கறப்ப சாக்பீஸை ரிம்முக்கு ஒட்டிப் பிடிச்சுச் சுத்தினார். கோடு விழுந்த இடத்துல ஒரு கம்பியைக் கால் திருகு முடுக்கி, எதிர்ப்பக்கம் கால் திருகு தளர்த்தினார். ரெண்டு வீலுக்கும் 72 கம்பி. மூணு நாள் வேலை. 600 ரூபாய் கேட்டார். நான் கூடக் கொடுத்ததுக்குக் கோவிச்சுக்கிட்டார், அது வேற கதை.

வண்டி வாங்கினதும் டெம்போவுல ஏத்திட்டுப் போயிடாதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான். சைக்கிள் குவியல்ல இன்னும் பத்து வருஷம்கூடக் கிடைக்கும். பாய் மாதிரி ஆள் கிடைக்க மாட்டார். அவர்கிட்ட பழகிக்க எங்க ஊர்ப் பையன் ஒருத்தனும் வரல; வரச் சொல்லவும் முடியாது, அதுல சோறு இல்லைன்னு அவனுக்குத் தெரியும். வீடியோ பார்த்துக் கத்துக்கலாம்னு நீங்க நினைக்கலாம். ராட் பிரேக்குல கட்டை ரிம்மோட உள்பக்கத்துல போய் உக்காரணும், அதுக்குக் கம்பியை எவ்வளவு இழுக்கணுங்கறதை விரல்தான் சொல்லும். நாலு நாள் லீவு போட்டுட்டு வாங்க. வண்டியை அவர் கடை முன்னாடி போட்டு, அவர் சொல்லச் சொல்ல உங்க கையால பிரிங்க. கூலியை ஓவராயிலுக்குன்னு பேசாதீங்க, நாளுக்குன்னு பேசுங்க. ஒரு கொத்தனாருக்குக் கொடுக்கறதைக் கொடுங்க.

இன்னொண்ணு. ராட் பிரேக் மழையில பிடிக்காது. எங்க ஊர் ரோட்டுல காலை ஊனி நிறுத்திடலாம், அவிநாசி ரோட்டுல முடியாது. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் ஓட்டுங்க.

தங்கறதுக்குத் தோட்டத்துச் சாளையில இடம் இருக்கு. வர்றவங்க வெள்ளிக்கிழமையை விட்டுட்டு வாங்க, அன்னிக்கு பாய் மதியத்துக்கு மேல கடை திறக்க மாட்டார். வெள்ளைச் சட்டை வேண்டாம். தேங்காய் நாரும் டீசலும் நான் எடுத்து வைக்கறேன். 28 இஞ்சு டியூப் ரெண்டு மட்டும் ஈரோட்டுல வாங்கிட்டு வந்துடுங்க.