கம்பளிக்குள் ஒரு கதைப் புத்தகம்

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நக்கிள்ஸ் மலைப்பக்கமிருந்து இறங்கிய மூட்டம் ஞாயிறு ராத்திரிவரை எங்கள் வாசலைவிட்டு நகரவில்லை. இரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையோரம் எங்கள் வீடு. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை இங்கே பெரும்பாலும் இடித்து முழக்கிக்கொண்டு வருவதில்லை. நசநசவென்று தூறும், கொஞ்சம் விடும், மறுபடி பிடித்துக்கொள்ளும். துணி காயாது. உப்புப் போத்தலுக்குள் தண்ணீர் விடும். முற்றத்தில் கிடந்த கொஞ்ச மிளகை அள்ளிச் சாக்கில் கட்டி அடுப்படியில் வைத்துவிட்டு, அம்மாவின் கறுப்புக் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். கொழுந்து பறிக்கப் போகும்போது மழைக்குத் தலையோடு போட்டுக்கொண்டு போன கம்பளி அது. இன்னும் கழுத்தில் குத்துகிறது. ஆனால் அந்தச் சூடு வேறு எதிலும் இல்லை.

சனிக்கிழமை காலையிலேயே கரண்ட் போய்விட்டது. மகளுக்குக் கண்டியில் வேலை, பேத்தி என்னோடுதான் இருக்கிறாள். தரம் ஐந்து. அவளுடைய மேசையில் புலமைப்பரிசில் பரீட்சை மாதிரி வினாத்தாள்கள் ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பத்து மணிக்கெல்லாம் இரண்டு தாள் செய்து முடித்துவிட்டு வந்து என் கம்பளிக்குள் புகுந்துகொண்டாள். ஃபோனில் சார்ஜ் இல்லை, டிவி இல்லை, வெளியே கால் வைக்க வழியில்லை.

"வேற என்னதான் செய்யிறது அம்மாயி?"

முப்பத்தைந்து வருடம் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் தமிழ் படித்துக் கொடுத்தவள் நான். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஓய்வான பொழுதில் ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து விரிக்கலாம் என்பது என் பேத்திக்கே தோன்றவில்லை. அவளுக்குப் புத்தகம் என்றால் புள்ளி.

அடுப்படிப் பரணில் இருந்த தகரப்பெட்டியை இறக்கினேன். புகை படும் இடத்தில் வைத்தால்தான் இந்த ஊரில் புத்தகம் பிழைக்கும். கீழே வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சணம் பிடித்துத் தாளோடு தாள் ஒட்டிவிடும். அந்தப் பெட்டி எங்களுடையது அல்ல. அடுத்த காம்பராவில் இருந்த குடும்பம் 1977இல் தலைமன்னாரில் கப்பலேறப் புறப்பட்டபோது எங்களிடம் விட்டுப்போனது. ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1964இல் கையெழுத்திட்டார்கள். நான் பிறந்ததும் அந்த வருடம்தான். அந்தக் கணக்கில் எங்கள் லயத்திலிருந்து போனவர்கள் நாலு குடும்பம். பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டவர்கள், புத்தகம் பாரம் என்று பெட்டியை என் கையில் கொடுத்தார்கள். "நீ வாசிக்கிற புள்ள, வச்சிக்க" என்றார் அந்தப் பெரியம்மா. பூட்டுச் சாவியைத் தன் முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

உள்ளே இருந்தவை பெரிய இலக்கியங்கள் இல்லை. பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, சில அம்புலிமாமாக்கள். மீதி எல்லாம் வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, பழைய கலண்டர் அட்டை போட்டு ஒட்டிய தொடர்கதைகள். இப்படித் தைத்த புத்தகத்தில் ஒரு விசேஷம் உண்டு. கதையின் பக்கத்தைத் திருப்பினால் பின்னால் அரைச் சமையல் குறிப்பு இருக்கும், பாதியில் நிற்கும் ஒரு நகைச்சுவைத் துணுக்கு இருக்கும். மனைவி கேள்வி கேட்டிருப்பாள், கணவன் என்ன சொன்னான் என்பது கிழிபட்ட அடுத்த தாளோடு போயிருக்கும். சின்ன வயதில் அந்தப் பதிலை நானே யோசித்துச் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அன்றைக்கு என் பேத்தி கதையை விட்டுவிட்டு அந்தப் பாதித் துணுக்குகளைத் தேடிப் பிடித்துப் பதில் எழுத ஆரம்பித்தாள். வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். புள்ளி இல்லாத கேள்விக்கு அவள் விரும்பிப் பதில் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இலேசான வாசிப்பை நம் சமூகம் ஏன் இவ்வளவு கீழே வைத்திருக்கிறது என்று எனக்கு வெகுநாளாகக் கோபம். வாசிக்கிற பிள்ளையைப் பார்த்து "பாடம் படிக்காம கதைப் புத்தகமா?" என்று கேட்காத வீடு குறைவு. இலக்கியக் கூட்டங்களிலும் "பொழுதுபோக்கு எழுத்து" என்பது ஒரு வசைதான். அறுபது எழுபதுகளில் எங்கள் முற்போக்கு விமர்சகர்கள் தமிழகத்து ஜனரஞ்சகப் பத்திரிகைகளைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அதில் நியாயம் இருந்தது. அந்தப் பத்திரிகைகளுக்குள் எங்கள் மலை இல்லை, எங்கள் பேச்சு இல்லை. ஆனால் அவர்கள் கண்டித்த அதே பத்திரிகைகளில்தான் எங்கள் அப்பாமார் எழுத்துக் கூட்டிப் பழகினார்கள். அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

என் அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. தாத்தா குப்பி விளக்கை மண்வெட்டிக் கணை மேல் வைத்து நல்லதங்காளை ராகம் போட்டு வாசிக்க, பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாம் வாசலில் வந்து குந்துவார்கள் என்று அப்பாயி சொல்லும். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாகத் தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்த சனங்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். நாள் முழுக்க மழையில் நனைந்து முள்ளுக்குத்தி வந்தவர்களுக்கு அந்த ராத்திரி வாசிப்பில் பாடம் எதுவும் தேவைப்படவில்லை. கதை தேவைப்பட்டது. கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு சனம் புத்தகத்தை மதிக்கக் கற்றது அப்படித்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். தோட்டங்களில் பட்டினி வந்த காலம் அது. பத்திரிகைக்குத் தடை போடுவதை நான் எந்தக் காலத்திலும் ஏற்கமாட்டேன். ஆனால் அந்த இடைவெளியில்தான் வீரகேசரி பிரசுரம் கைக்கடக்கமான மலிவு விலை நாவல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்தது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' எல்லாம் அப்படித்தான் எங்கள் கைக்கு வந்தன. அப்பா மாத்தளை டவுனுக்குச் சம்பளச் சனிக்கிழமை போனால் கருவாட்டுப் பொட்டலத்தோடு சில நேரம் ஒரு புத்தகமும் வரும். கருவாட்டு வாசத்தோடு வாசித்த நாவல்கள் அவை. யாழ்ப்பாணத்துக் கடற்கரையை நான் முதலில் பார்த்தது அந்தப் பக்கங்களில்தான்.

சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் நடத்திய 'சிரித்திரன்' எங்களுக்கு எப்போதாவதுதான் கிடைக்கும். அதன் கேலிச்சித்திரங்களில் வரும் சவாரித் தம்பரின் முகத்தைப் பார்த்தாலே அப்பா சிரித்துவிடுவார். இப்போது அந்தப் பழைய இதழ்களை, 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் யாரும் இலவசமாக வாசிக்கலாம். கரண்டும் டேட்டாவும் உள்ள நாளில் அதைவிடப் பெரிய பாக்கியம் இல்லை. இரண்டும் இல்லாத சனி ஞாயிறுக்காக டவுனில் கொமியூனிகேஷன் கடையில் சில பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் மழைநாள் என்பது சுகமான விஷயமாக மட்டும் இருந்ததில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுக்க அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மாத்தளை மாவட்டத்திலும் மண்சரிவு உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு எங்களுக்குத் தகரத்தில் விழும் மழைச் சத்தம் பழைய சத்தம் இல்லை. ராத்திரியில் சத்தம் கனத்தால் எல்லா வீட்டிலும் டோர்ச் வெளிச்சம் எழும்பும். பின்பக்கத்து மண்மேட்டில் வெடிப்புக் கண்டிருக்கிறதா, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறதா என்று போய்ப் பார்ப்பார்கள்.

அந்தப் புயல் நாட்களில் ஒரு பாடசாலையில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு உதவி செய்யப் போனேன். அரிசி வந்தது, பருப்பு வந்தது, பாய் வந்தது. பிள்ளைகளுக்குக் கொப்பியும் பேனையும் வந்தன. கொடுத்த எல்லாருக்கும் கும்பிடு. மூன்றாம் நாள் பின்னேரம், தோட்டத்தில் முன்பு கங்காணியாக இருந்த எழுபது வயதுக்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கேட்க வெட்கப்பட்டார்.

"டீச்சரம்மா, படிக்கிறதுக்குக் கதப் பொஸ்தகம் ஏதும் கெடைக்குமா? ராவுல தூக்கம் வரமாட்டேங்குது."

மறுநாள் 'ஆச்சி பயணம் போகிறாள்' கொண்டுபோனேன். செங்கை ஆழியான் எழுதிய நகைச்சுவை நாவல். யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியே வராத ஓர் ஆச்சி கதிர்காமத்துக்குப் புறப்படும் கதை. அதை எழுதிய க. குணராசா புவியியல் படித்தவர், அரச நிர்வாகத்தில் பெரிய பதவிகளில் இருந்தவர். அப்படிப்பட்டவர் ஒரு கிழவியின் பயணத்தை எழுதிச் சிரிக்க வைப்பதைத் தனக்குக் குறைவாக நினைக்கவில்லை. புத்தகம் கேட்ட பெரியவர் கண்ணாடியை வீட்டு மண்ணுக்குள் விட்டுவிட்டு வந்தவர். ஆகையால் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பத்து நிமிடத்தில் சுற்றிலும் இருபது பேர். வகுப்பறைக்குள் ஈரத்துணி நாற்றம், குழந்தைகளின் இருமல், அதற்கு நடுவில் சிரிப்பு. மூன்று நாளாக வாய் திறக்காத ஒரு பெண், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "அந்த எடத்த இன்னொருக்கா வாசிப்பா" என்றாள்.

அந்த அறையில் இருந்த எனக்கு, இலேசான எழுத்து இலேசான காரியம் என்று யார் சொன்னாலும் இனி ஏறாது.

எங்கள் மாத்தளை மண் எழுத்துக்குப் பஞ்சப்பட்ட மண் அல்ல. டவுனுக்கு வடக்கே கொஞ்சத் தூரத்தில் அலுவிகாரை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், பஞ்சத்தில் பிக்குமார் மடிந்து, அவர்கள் மனப்பாடமாகச் சுமந்த திரிபிடகமும் அவர்களோடு அழிந்துவிடும் என்ற பயத்தில், அதை ஓலையில் எழுதிக் காத்த இடம் அது. நானே எத்தனையோ வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். திரும்பி வரும் பஸ்ஸில் கேட்பேன், வீட்டில் கதைப் புத்தகம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்று. நாற்பது பேரில் மூன்று கை எழும்பும்.

மலரன்பன், மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு மூவரும் சேர்ந்து தந்த 'தோட்டக் காட்டினிலே' தொகுப்பை நான் மரியாதையோடு வைத்திருக்கிறேன். லயத்தின் கண்ணீரை எழுதி உலகத்துக்குக் காட்டியவர்கள் அவர்கள். அது எழுதப்பட்டே ஆக வேண்டிய கண்ணீர். ஆனால் எங்கள் கண்ணீர் அச்சேறிய அளவுக்கு எங்கள் சிரிப்பு அச்சேறவில்லை. பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைத்த வாய்கள் எத்தனை! பீலிக்கரையில் குடம் நிறையும்வரை நடக்கும் பேச்சை எழுதினால் ஒரு நாவல் வரும். மாத்தளையிலிருந்து கண்டிக்கு 1880இல் ரயில் பாதை போட்டார்கள். அந்த ரயிலில் முதல் தடவையாக ஏறும் ஒரு மலையக அப்பாயியின் பயணத்தை ஏன் இன்னும் யாரும் சிரிக்கச் சிரிக்க எழுதவில்லை? எழுதும் இளம் பிள்ளைகளிடம் உரிமையோடு கேட்கிறேன். எழுதுங்கள், நான் வாங்குகிறேன்.

பரிசளிப்பு விழா நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கேடயமும் வினாத்தாள் தொகுப்பும் கொடுத்தது போதும். ஒரு கதைப் புத்தகம் கொடுங்கள், அதில் பரீட்சைக்கு உதவும் எதுவும் இருக்க வேண்டாம். அடுத்த வெள்ளத்துக்கு, வரக்கூடாது, வந்தால், அனுப்பும் பொதிகளில் பத்துக்கு ஒன்றாவது வாசிக்கும் புத்தகங்களாக இருக்கட்டும். தோட்டத்துச் சனசமூக நிலையங்களில் கரம்போட் இருக்கும் அறையிலேயே ஓர் அலுமாரி வைக்கலாம். நக்கிள்ஸ் மழைக்கு அந்த அலுமாரிக்குக் கண்ணாடிக் கதவு கட்டாயம்.

சனிக்கிழமை ராத்திரி மழை கனத்தது. ஒரு மணி இருக்கும். டோர்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மண்மேடு அப்படியே இருந்தது, கான் தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியது. உள்ளே வந்து கால் கழுவி, அடுப்பில் மிச்சமிருந்த தணலில் இஞ்சி போட்டு ப்ளேன்டீ ஊற்றினேன். கித்துள் வெல்லத்தில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் பேத்தி கம்பளிக்குள் எழும்பி உட்கார்ந்திருக்கிறாள். மழைச் சத்தத்துக்குப் பயந்து எழும்பியவள்.

"மேடு சரியாத்தானே இருக்கு அம்மாயி?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்ப டோர்ச்ச அணைக்காதீங்க" என்றாள். தலையணைக்கு அடியிலிருந்து ஆச்சியை எடுத்து, மடித்து வைத்திருந்த பக்கத்தை விரித்தாள்.