கொண்டாடுவோம், காகிதத்தையும் எடுத்து வைப்போம்

ஆண்டின் கடைசி வாரம் வந்துவிட்டால் மும்பையில் நம் மக்கள் வாழும் சந்துகளின் முகமே மாறிவிடுகிறது. நெல்லை, தூத்துக்குடிச் சீமையிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்களின் வாசலில் நட்சத்திர விளக்கு தொங்குகிறது. அடுத்த வீட்டில் மாலை போட்ட ஐயப்ப பக்தர் விடியுமுன் குளித்துவிட்டுச் சரணம் சொல்கிறார். சனவரி பிறந்ததும் பொங்கல். தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் தாய்மார்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவதைப் பார்க்க ஊரே கூடுகிறது. அந்தப் பானையில் ஒரு பங்கு கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்துக் குயவர் வனைந்தது. வெல்லம் கோலாப்பூர் வெல்லம். அதே நாளில் சங்கராந்தி கொண்டாடும் மராத்திய அண்டை வீட்டார் எள்ளுருண்டையை நம் கையில் வைத்து, இனிமையாகப் பேசுங்கள் என்று வாழ்த்துகிறார்கள். பிழைக்க வந்த இடத்தில் இப்படி நாலு பேரோடு கலந்து கொண்டாடக் கிடைப்பது சின்ன விஷயமல்ல. வாசகர் குடும்பங்கள் அனைத்துக்கும் முதலில் நம் வாழ்த்துகள்!

தொழிலாளிக்குப் பண்டிகை எதற்கு, அது வீண் செலவல்லவா என்று கேட்போர் சிலர் உண்டு. ஆங்கிலப் புத்தாண்டு நமக்கு எதற்கு என்று கேட்போரும் உண்டு. நாம் அந்தக் கட்சியில் இல்லை. ஓய்வு என்பது முதலாளி கருணையால் கிடைத்த பண்டமல்ல, போராடிப் பெற்றது. இதே ஊரில், பருத்தி ஆலைகளில் வாரம் ஏழு நாளும் உழைத்த காலம் ஒன்று இருந்தது. 1884இல் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிச் சங்கம் கண்டவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஆறேழு ஆண்டு இடைவிடாத முயற்சிக்குப் பிறகு, 1890 ஜூன் 10 அன்றுதான் ஞாயிறு விடுமுறை ஒப்புக்கொள்ளப்பட்டது. இன்று நாம் காலண்டரில் சிவப்பு மையில் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

ஆனால் அந்தச் சிவப்பு மை எல்லோருக்கும் உரியதாக இருக்கிறதா? டிசம்பர் 25 அரசு விடுமுறை. ஆபீஸில் இருப்பவர் சம்பளத்தோடு வீட்டில் இருக்கிறார். அன்றும் விடிகாலை மூன்று மணிக்கு மாவை எடுத்து இட்லி ஊற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர் நம்மவர். தோல் பட்டறையில் நாள் கூலிக்கு நிற்பவரும், குப்பை வண்டியில் ஒப்பந்தக் கூலியாக ஏறுபவரும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் நம் சகோதரியும் விடுமுறை எடுத்தால் அன்றைய கூலி போயிற்று. எஜமானி வீட்டில் விருந்து என்றால் சகோதரிக்கு அன்று இரட்டை வேலை! ஒரே நாள் ஒருவருக்குப் பண்டிகை, இன்னொருவருக்குப் பட்டினி என்றால், அந்த நாளைப் பொதுநாளாக்கும் வேலை இன்னும் மீதி இருக்கிறது என்றுதான் பொருள்.

இந்த நாள்கள் நினைவின் நாள்களும் கூட. 1927 டிசம்பர் 25 அன்று மகாராஷ்டிரத்து மகாடில் அண்ணல் அம்பேத்கர் மனுநூலைத் தீயிலிட்டார். 1968இல் அதே டிசம்பர் 25 இரவில், கீழத்தஞ்சை வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைத்து 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் சார்ந்த இயக்கம் கேட்டது கூலி நெல்லில் கொஞ்சம் கூடுதல். 1973 டிசம்பர் 24இல் தந்தை பெரியார் மறைந்தார். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கடற்கரை ஊர்களை வாரிக்கொண்டு போயிற்று. 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் இந்த மும்பையே எரிந்தது. ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்ட சாவு 900. எரிந்த இடங்களில் நம் தாராவியும் ஒன்று. அன்று அடுத்த வீட்டுக்காரனை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்களும் உண்டு, கல்லெடுத்தவர்களும் உண்டு. ஆண்டு முடிவில் விளக்கு ஏற்றும்போது இவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். விழாவின் மகிழ்ச்சி இதனால் குறையாது.

இனி இந்தத் தலையங்கத்தின் முக்கியமான செய்திக்கு வருவோம்.

சனவரி முதல் நாள் என்றால் நமக்குக் கேக்கும் பட்டாசும் நினைவுக்கு வருகின்றன. சர்க்கார் கோப்புகளில் அந்த நாளுக்கு வேறு வேலை இருக்கிறது. குடிசை மாற்றுத் திட்டத்தில் இலவச வீடு பெறத் தகுதியுள்ளவர் யார் என்று முதலில் அளந்த நாள் 1995 சனவரி 1. பிறகு அது 2000 சனவரி 1 ஆனது. பணம் கட்டிப் பெறும் வீட்டுக்கு 2011 சனவரி 1 என்றார்கள். தாராவித் திட்டத்திலும் அளவுகோல் இதுவே. தரைத்தளத்தில் 2000 சனவரி 1க்கு முன்பிருந்து இருப்பவர்க்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. அதற்குப் பின் 2011 சனவரி 1 வரை வந்தவர்க்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை இலட்ச ரூபாய்க்கு. மாடியில் குடியிருப்போர்க்கும், அதற்குப் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்க்கும் வெளியே வாடகைத் தவணை வீடு. ஒரு நாள் முந்தி வந்தவன் உள்ளே. ஒரு நாள் பிந்தி வந்தவன் வெளியே!

இந்தக் கோடு நியாயமா என்பது வேறு வழக்கு. குடியிருக்கும் அனைவர்க்கும் வீடு என்பதே நம் கோரிக்கை; அதில் மாற்றமில்லை. ஆனால் கோரிக்கை ஒருபுறம் இருக்க, இருக்கிற உரிமையையாவது இழக்காமல் இருக்கிறோமா? நாற்பது ஆண்டு இந்த மண்ணில் உழைத்தவர் கையில் அதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை என்றால், அவர் நேற்று வந்தவராகிவிடுகிறார். 1976 சனவரியில் நடந்த குடிசைக் கணக்கெடுப்பை ஒட்டிக் கொடுத்த போட்டோ பாஸ், பழைய வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர், மின்சார பில், ரேஷன் அட்டை ஆகியவைதாம் நமக்குச் சாட்சி பேசும்.

நம்மவர் வழுக்குகிற இடங்கள் மூன்று.

முதலாவது, வாக்கு. ஊரில் பங்காளிக்காகவும் சாதிசனத்துக்காகவும் ஓட்டை ஊரிலேயே வைத்துக்கொள்வோர் பலர். ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கச் சட்டம் இடம் தராது. ஊரில் இருந்தால் இங்கே இல்லை. இங்கே இல்லாதவன் வீட்டுச் சான்றும் இழக்கிறான். கவுன்சிலர் முன்னால் நின்று குழாய் கேட்கும் தெம்பையும் இழக்கிறான். எது வேண்டும் என்று குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பதினெட்டு நிரம்பிய பிள்ளைகளுக்கு முன்பு சனவரி 1 ஒன்றே கணக்கு நாளாக இருந்தது. 2022 முதல் சனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள்கள் நான்கும் கணக்கு. காத்திருக்கக் காரணமில்லை.

இரண்டாவது, ரேஷன் அட்டை. பொங்கல் பரிசுக்காக அட்டையை ஊரில் வைத்திருக்கும் குடும்பங்களை அறிவோம். அதைக் குற்றம் சொல்ல நமக்கு மனமில்லை. ஏழை வீட்டில் கரும்பும் அரிசியும் பெரிய பொருள்தான். ஆனால் ஒரு நாள் பரிசுக்கு முந்நூற்றறுபத்தைந்து நாள் முகவரியை விலையாகக் கொடுக்கிறோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பெயர். இது மற்ற மாநிலத்தார் பலருக்கு இல்லாத தொல்லை. நமக்குத் தலையெழுத்து உண்டு. குடும்பப் பெயர் இல்லை. இங்குள்ள படிவம் மூன்று கட்டம் போட்டுக் கேட்கிறது. ஒரு காகிதத்தில் எஸ். முருகன், இன்னொன்றில் முருகன் சுப்பையா, மூன்றாவதில் சுப்பையா முருகன் நாடார். ஆள் ஒருவர், கோப்பில் மூவர்! மனைவி பெயருக்குப் பின்னால் ஓரிடத்தில் தகப்பன், ஓரிடத்தில் கணவன். அதிகாரி நிராகரிக்க இதைவிட வசதி வேண்டாம்.

ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்து இந்தக் கூட்டத்தை ஆண்டுதோறும் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளுக்கு முன்னால் அல்ல, 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. சனவரி 10இல் பயணம் என்றால் நவம்பர் 11 காலை எட்டு மணிக்கு எழுந்து நிற்பவருக்கே இடம். டிசம்பரில் தரகனிடம் ஓடி இரட்டைப் பணம் கொடுத்துப் பிறர் பெயர் டிக்கெட்டில் ஏறிக் குழந்தை குட்டியோடு நடுவழியில் அவமானப்படாதீர்கள். வீட்டுக் காகிதங்களை டிரங்குப் பெட்டியோடு ஊருக்குத் தூக்கிப் போய் அங்கே விட்டு வராதீர்கள். கணக்கெடுப்போர் வரும் நாளில் கதவு பூட்டிக் கிடக்காதபடி, பொறுப்பான ஒருவரிடம் தகவல் சொல்லிப் போங்கள். பூட்டிய கதவு குறிப்பேட்டில் ஆளில்லாத வீடாகிவிடும்.

முப்பத்தொன்றாம் தேதி இரவு பற்றி இளைஞர்களுக்கு ஒன்றே ஒன்று. ஆண்டெல்லாம் தாய் சேர்த்ததை ஒரே இரவில் பாட்டிலுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாம் தேதி வட்டிக்காரன் வாசலில் நிற்பது புத்தாண்டல்ல. அது பழைய ஆண்டே திரும்பி வருவது.

ஆகவே சங்கத்தின் வேண்டுகோள் இது. சனவரி முதல் ஞாயிறு காலை, ஒவ்வொரு குடும்பமும் தன்னிடமுள்ள பழைய காகிதங்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வரவேண்டும். கிழிந்திருந்தாலும் கொண்டு வாருங்கள். படித்த நம் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்கள், நகல் எடுப்பார்கள், எந்தப் பெயர் எங்கே மாறியிருக்கிறது, எந்தச் சான்று குறைகிறது என்று குறித்துத் தருவார்கள். கட்டணம் கிடையாது. அசலை எவரிடமும், சங்கத்திடமும்கூட, விட்டுச் செல்லாதீர்கள். கணவர் வேலைக்குப் போனால் தாய்மார்களே வாருங்கள். வீட்டில் எந்தக் காகிதம் எந்த அரிசிப் பானைக்குள் இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

தீவிளி போனஸும் பண்டிகைப் பலகாரமும் தீர்ந்துபோகும். நம் பிள்ளைகள் அடுத்த பொங்கலையும் அதற்கடுத்த பொங்கலையும் இதே தெருவில் பொங்க வேண்டுமானால், நாம் இங்கே இருந்தோம், இங்கே உழைத்தோம் என்பதற்குச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைத் திரட்டும் மாதமாக இந்தச் சனவரி அமையட்டும்!

அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.