"போமட் பண்ணணும்"

கணினி திருத்தும் கடைகளில் இரண்டே சொற்களில் முடிந்துவிடுகின்ற ஒரு தீர்ப்பு இருக்கிறது: "போமட் பண்ணணும்." ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ, திறக்க மறுத்த கணினியைத் தூக்கிக்கொண்டு கடையேறிய எவரும் இதைக் கேட்டிருப்பார்கள். தலையிடிக்கும் பனடோல், காய்ச்சலுக்கும் பனடோல் என்பது போல, எல்லாப் பழுதுக்கும் அது ஒன்றே மருந்து. பனடோலாவது நம் ஞாபகங்களை அழிப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினி திறக்கவில்லை என்றால், அதைக் கடைக்குக் கொடுப்பதற்கு முன் அது எந்த இடத்தில் நின்றுபோனது என்று பார்க்க நம் மாணவிகள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்தவர்களை மட்டும் நான் சொல்லவில்லை. கலைப் பிரிவு மாணவியின் வீட்டுக் கணினியும்தான் திடீரென்று கறுப்பாகிவிடுகிறது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போடுவதென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெஸர் வேண்டும். கொரோனாக் காலத்தில் சூம் வகுப்புக்காக நம் வீடுகளில் அவசரமாக வாங்கிய பழைய கணினிகளில் எத்தனையோ இந்தக் கணக்கில் தேறாது. ஆகவே எல்லோரும் எதையோ அழித்து எதையோ மீண்டும் நிறுவிக்கொண்டிருக்கிறார்கள். பாதியில் நின்றுபோன கணினிகளும் அதனால் கூடிவிட்டன. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஹட்டனுக்கு வரும் பஸ்ஸில், உரப் பைக்குள் சுற்றிய சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் சம்பளம் போய்விடும் பயணம் அது.

பாடப்புத்தகத்தில் எல்லாம் இருக்கத்தான் செய்கிறது. பணிசெயல் முறைமை என்றால் என்ன, பயோஸ் என்றால் என்ன, மின் கொடுத்தவுடன் நடக்கும் சுயசோதனை எது என்று கேட்டால் அழகாக எழுதிப் புள்ளி வாங்குவோம். ரெம் சரியாகப் பொருந்தாவிட்டால் பல கணினிகள் பீப் சத்தத்தால் அதைச் சொல்லும் என்பதும் தெரியும். அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டவர்கள் வகுப்பில் எத்தனை பேர்?

இல்ல விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டம் பார்த்திருப்பீர்கள். கணினி திறப்பதும் அப்படித்தான். பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகை. அது தன் உறுப்புகளைச் சோதித்துவிட்டு, தன்னிடமுள்ள வரிசைப்படி ஹாட் டிஸ்க், பென் ட்ரைவ் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். எதில் துவக்க நிரல் கிடைக்கிறதோ அதன் கையில் கோலைக் கொடுக்கும். அது விண்டோஸின் கையில் கொடுக்கும். கோல் யார் கையில் விழுந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தாய்ப்பலகையின் சின்னமே திரையில் வரவில்லை என்றால் விண்டோஸில் குற்றமில்லை. அங்கே போமட் செய்து ஒரு பயனும் இல்லை. சின்னம் வந்து, பிறகு 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று ஒரு வரி வந்தால், கோலை வாங்க ஆள் இல்லை என்று அர்த்தம். வட்டமாகப் புள்ளிகள் சுற்றி, அதன் பிறகு நீலத் திரை வந்தால் கோல் விண்டோஸ் வரை போய்விட்டது.

மீண்டும் நிறுவும்போது மட்டும் வருகின்ற வம்புகளும் உண்டு. கோப்புகளைப் பிரதிசெய்து முடித்ததும் கணினி தானாக அணைந்து திறக்கும். வரிசையில் பென் ட்ரைவ் முதலில் இருந்தால் சில கணினிகள் மறுபடி அதற்குள்ளேயே போய், முதல் பக்கத்திலிருந்து தொடங்கிவிடும். பார்ப்பவர் "இன்ஸ்டோல் ஆகவில்லை" என்று நினைத்து நாலு தடவை அதையே செய்வார். முதல் தடவை அணைகின்ற நேரத்தில் பென் ட்ரைவைக் கழற்றிவிட்டால் போதும். இன்னொன்று, இந்த டிஸ்கில் விண்டோஸை நிறுவ முடியாது, இது ஜி.பி.டி. வகை அல்லது எம்.பி.ஆர். வகை என்று சொல்லும் செய்தி. பென் ட்ரைவைத் திறந்த முறையும் டிஸ்க் பிரிக்கப்பட்ட முறையும் ஒத்துப்போகவில்லை என்பதே அதன் பொருள். ஜி.பி.டி. என்றால் பென் ட்ரைவை யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் திறக்க வேண்டும், எம்.பி.ஆர். என்றால் பழைய லெகசி முறையில். அவசரக்காரர்கள் செய்வது வேறு. எல்லாப் பிரிவுகளையும் அழித்துவிட்டு ஒன்றாக்குவார்கள். சி பிரிவோடு டி பிரிவும் போய்விடும். நம் வீடுகளில் கல்யாணப் படங்களும் பாஸ்ட் பேப்பர்களும் இருப்பது டி பிரிவில்தானே!

பாதியில் கரண்ட் போவது தனிக்கதை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு இலங்கையும் இருண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை கணினிகள் பாதி நிறுவலில் நின்றனவோ! அப்படி நின்றாலும் டி பிரிவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கரண்ட் வந்ததும் பென் ட்ரைவிலிருந்து திரும்பத் தொடங்கலாம்.

மலைநாட்டுக்கென்றே ஒரு பழுதும் இருக்கிறது. வருடத்தில் பாதி நாள் மூடுபனி. உடுப்பே காயாத ஊரில் ரெம் பலகையின் பொன்னிற முனைகள் மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கும்? மின்சாரத்தைக் கழற்றிவிட்டு ரெம்மை எடுத்து, முனைகளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்தினால், செத்துப்போனதாகச் சொன்ன கணினி எழுந்துவிடுவதுண்டு.

அதைவிட அதிகம் ஏமாற்றுவது ஒரு சிறு பட்டரி. சி.ஆர். 2032 என்பார்கள், பெரிய காசு அளவில் வட்டமாக இருக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கணினி கழற்றி வைக்கப்பட்டிருக்கும்போதும் நேரத்தையும் தாய்ப்பலகையின் அமைப்புகளையும் காப்பது அது. இடி மின்னலுக்குப் பயந்து நாம் பிளக்கைக் கழற்றி வைக்கிறோம். பட்டரி செத்திருந்தால் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். ஹாட் டிஸ்கோடு பேசுகின்ற முறையும் அதில் மாறலாம். ஒரு முறையில் நிறுவிய விண்டோஸ் இன்னொரு முறையில் தன் டிஸ்கையே கண்டுபிடிக்க முடியாமல் நீலத் திரையைக் காட்டும். அடையாளம் சுலபம்: திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் பட்டரியைச் சந்தேகியுங்கள்.

எங்கள் வீட்டுக் கணினிக்கு இதுதான் நடந்தது. ஒரு கடையில் கொடுத்தோம். போமட் செய்து தந்தார்கள். இரண்டு பிரிவும் காலி. மௌத்தாகிவிட்ட மூத்தம்மாவின் குரல், ராத்தாவின் நிக்காஹ் அன்று அவர் துஆக் கேட்டது, அதில் ஒன்றரை நிமிடம் பதிவாகி இருந்தது. அதுவும் போனது. ஒரு கிழமையில் மறுபடி அதே நீலத் திரை, மூலையில் அதே பழைய வருடம். பிறகு மாமா வந்து பட்டரியை மாற்றி அமைப்பைச் சரிசெய்த பின் இன்றுவரை அது ஓடுகிறது. வாப்பாவுக்குக் கடைக்காரர் மேல் கோபம் இல்லை. "அவரும் பத்துக் கணினி பார்க்க வேண்டும்" என்கிறார். எனக்குக் கோபம் இருக்கிறது. கேட்டிருந்தால் நாங்கள் சொல்லியிருப்போம், டி பிரிவைத் தொடவேண்டாம் என்று.

திறக்கவில்லை என்றால் அழிக்கத்தான் வேண்டும் என்பது எவ்வளவு தவறு என்று உலகமே பார்த்த நாள் ஒன்றுண்டு. 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பித்தலால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமான நிலையங்களும் வங்கிகளும் வைத்தியசாலைகளும் தடுமாறின. மருந்து என்ன? சேஃப் மோடில் திறந்து ஒரேயொரு கோப்பை அழிப்பது. பிழை எந்த இடத்தில் என்று கண்டுபிடித்தபடியால் அதைச் செய்ய முடிந்தது. அன்று பலர் மாட்டிக்கொண்டது இன்னொரு இடத்தில்: டிஸ்க் பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருந்தது, 48 இலக்கச் சாவி கையில் இல்லை. புதிய விண்டோஸ் 11 கணினிகளில் இந்தப் பூட்டு நாம் கேட்காமலே விழுந்திருக்கலாம். புது லெப்டொப் வைத்திருக்கும் தோழிகள் இன்றைக்கே அந்தச் சாவியை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது நமக்குத் தெரியாத பாடமா?

இனிப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. வீட்டுக் கணினி என்பது வீட்டின் உள்ளறை மாதிரி. உம்மாவும் ராத்தாவும் வீட்டுக்குள் இருக்கிற மாதிரியே எடுத்த படங்கள் அதில் இருக்கும். அதைத் திறந்தபடி முன்பின் தெரியாத ஒருவர் மேசையில் மூன்று நாள் வைத்துவிட்டு வருகிறோம். திருத்துபவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அமானத்தைப் பேணுகிற நல்ல மனிதர்கள் நம் ஊர்க் கடைகளில் இருக்கிறார்கள். ஆனால் என் முகத்தை மூடிக்கொண்டு போகச் சொல்கிற அதே வீடு, என் முழு அல்பத்தையும் கடையில் விட்டுவிட்டு வருவதில் ஒரு பொருத்தமில்லை. பழுதைப் பார்க்கிற கை வீட்டிலேயே இருந்தால் அந்தப் பிரச்சினையே எழாது. கடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால், ஹாட் டிஸ்கை கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கும் அளவுக்காவது எங்களுக்குத் தெரிய வேண்டும்.

"பொம்பிளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேல, ஷொக் அடிக்கும்" என்பார்கள். என் உம்மா தையல் மெஷினைக் கழற்றி எண்ணெய் போட்டுப் பூட்டுகிறார். கேஸ் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாற்றுகிறார். ஆபத்தில் கேஸ் எங்கே, ரெம் எங்கே! மின்சாரத்தைக் கழற்றிய பிறகு கணினிக்குள் கைவைக்க அஞ்ச வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, பவர் சப்ளைப் பெட்டி. அணைத்த பிறகும் அதற்குள் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை யாரும் திறக்க வேண்டாம், ஆண் பிள்ளையும்தான்.

1940களில் அமெரிக்காவில் எனியாக் என்ற கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அந்த இயந்திரத்தில் பழுதானது எந்தக் குழாய் என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு அவர்கள் அதை அறிந்திருந்தார்கள். 1946இல் அது உலகுக்கு அறிமுகமானபோது அந்தப் பெண்களை யாரும் அறிமுகப்படுத்தவில்லை என்பது வேறு விடயம்.

உயர்தரத்துக்கு நேரம் போதாது என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயம்தான். டியூஷன் முடிந்து வீடு சேரும்போது மஃரிப் ஆகிவிடுகிறது. நான் கேட்பது ஒரு பாடவேளை அல்ல. தவணைப் பரீட்சை முடிந்து விடுமுறை விடும் வரை சும்மா போகின்ற அந்த மூன்று நாட்களில் ஒரு நாள். நம் கணினி ஆய்வுகூடத்தின் பின்மூலையில் துணி போட்டு மூடிய பழைய கணினிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டை எங்களிடம் தாருங்கள். ரெம்மைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பீப் சத்தத்தைக் கேட்கிறோம். பட்டரியை எடுத்துவிட்டுத் திகதி எங்கே போகிறது என்று பார்க்கிறோம். நிறுவலைப் பாதியில் நிறுத்தி, பிறகு பென் ட்ரைவிலிருந்தே இயங்குகின்ற லினக்ஸ் ஒன்றால் உள்ளே போய், டி பிரிவிலுள்ள கோப்புகளை வெளியே எடுத்துக் காட்டுகிறோம். கண்டிக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலையின் பெயரில் நம் நாட்டவரே 2009இல் ஒரு லினக்ஸ் வெளியிட்டிருக்கிறார்கள். அப்படியொன்றைப் பயன்படுத்த ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. வேண்டிய மற்றவை ஒரு ஸ்க்ரூ ட்ரைவர், ஒரு அழிறப்பர், ஒரு பட்டரி, இரண்டு பென் ட்ரைவ். பட்டரியும் அழிறப்பரும் நான் கொண்டுவருகிறேன்.